‘இதுக்குப் போயா அழறே?’ என்பதற்குப் பதிலாக

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மனநலம் பற்றி நாளிதழ்கள் இப்போது நிறையவே எழுதுகின்றன. மனதார வரவேற்கிறோம். ஆனால், வீட்டில் கூட இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இடம் வந்ததும் பல கட்டுரைகள் ‘அன்பாகவும் பொறுமையாகவும் நடந்துகொள்ளுங்கள்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. சட்டென்று கண் கலங்கும் மகள், ஒரு சொல்லுக்காக நாள் முழுக்கப் பேசாமலிருக்கும் கணவர், சின்ன மறுப்புக்கும் கதவை அறைந்து சாத்தும் தம்பி என்று யாராவது ஒருவர் இருக்கும் வீடுகளில் அன்புக்குப் பஞ்சமில்லை. அந்த நேரத்தில் வாயிலிருந்து எந்தச் சொல் வர வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. நீச்சலைப் போல அதுவும் இறங்கிப் பழகினால் வரும் திறன். குடும்பத்தாருக்கு அதைக் கற்றுத்தருகிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

இப்படிப்பட்டவருக்குத் ‘தொட்டாற்சிணுங்கி’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்ற சிகிச்சை முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், 1993-ல் வெளிவந்த தம் நூலில் இந்த இயல்பை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். மற்றவர்கள் கவனிக்காத சிறு விஷயம்கூட இவர்களுக்கு உறைக்கும். எழும் உணர்வு பெரும் வேகத்தோடு எழும். தணிவதற்கு நெடுநேரம் பிடிக்கும். குடும்பத்தார் கோட்டைவிடுவது இந்த மூன்றாவதைத்தான். காலையில் பட்டது ஆறுவதற்குள் மதியம் ஒன்று, அது ஆறுவதற்குள் மாலையில் ஒன்று. ‘உப்புப் பெறாத விஷயத்துக்கு இவ்வளவா?’ என்று நாம் வியக்கும்போது, அவர் காலையிலிருந்து சேர்ந்த மொத்தச் சுமையோடு நம் முன் நிற்கிறார்.

ஓர் உதாரணம். மகள் உள்ளே வந்து பையை வீசி எறிகிறாள். ‘என்னை விட்டுட்டு எல்லாரும் சேர்ந்து போயிருக்காங்கம்மா. என்னை யாருக்குமே பிடிக்கல.’ அம்மா சொல்கிறார்: ‘அப்படியெல்லாம் இருக்காதுடி. மறந்திருப்பாங்க. நீயே போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?’ அம்மாவின் நல்லெண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் மகளின் காதில் விழுவது வேறு: நீ நினைப்பது தப்பு, நீ வருந்தக் காரணமே இல்லை, போதாததற்குக் குற்றமும் உன்மேல்தான். இனித் தன் வலி உண்மை என்று அவள் நிரூபித்தாக வேண்டும். குரல் உயர்வது அதனால்தான். அதே இடத்தில், ‘உன்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலா போனாங்க? ரொம்ப வலிச்சிருக்குமே’ என்று சொல்லிவிட்டு அம்மா வாயை மூடிக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு வருபவர்கள் எல்லோரும் திணறுவது அந்த மௌனத்தில்தான். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு, எட்டு வரும்போது அவளே அடுத்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவாள்.

அந்தப் பதிலில் ‘என்னை யாருக்குமே பிடிக்கல’ என்பதற்கு ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்றுக்கொண்டது வலியை மட்டும். ‘ஆமாம், அவங்க எல்லாருமே அப்படித்தான்’ என்று சேர்ந்து பொருமுவது ஆறுதல்போலத் தோன்றும்; நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாக முடியும். உணர்வை ஏற்கலாம், அதிலிருந்து அவர் எடுத்த முடிவையும், அந்த வேகத்தில் செய்த செயலையும் ஏற்க வேண்டியதில்லை.

இன்னும் சில இடங்களில் இது கெட்டுப்போகும். ‘உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா...’ என்று இழுத்தால் ‘ஆனா’வுக்கு முன்னால் சொன்னதெல்லாம் வீண். ‘புரியுது, புரியுது’ என்று போனைப் பார்த்தபடி சொன்னால் புரியவில்லை என்றே பொருள். ‘ஏன் அழறே?’ விசாரணையாகக் கேட்கும், ‘என்னாச்சு?’ போதும். ‘நாங்க படாத கஷ்டமா?’ என்ற வாக்கியத்தை அறவே விட்டுவிடலாம். அறிவுரைக்கும் நேரம் உண்டு. மூச்சு சீரான பிறகு, குரல் தாழ்ந்த பிறகு கேளுங்கள்: ‘நான் கேட்டுக்கிட்டா போதுமா, என்ன செய்யலாம்னு சேர்ந்து யோசிக்கலாமா?’ கேட்டால் போதும் என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவையும் செய்ய நம் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். தம்பதியரின் வாக்குவாதங்களை ஆய்வகத்தில் அளந்து பார்த்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது என்கிறார். உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும். படபடக்கிறது என்று தெரிந்ததும் இப்படிச் சொல்லலாம்: ‘எனக்குப் படபடப்பா இருக்கு. இப்பப் பேசினா தப்பாப் பேசிடுவேன். அரை மணி நேரத்துல வர்றேன், பேசுவோம்.’ காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது, நேரம் சொல்லியாகிவிட்டது, திரும்பி வருவதாக வாக்கும் கொடுத்தாகிவிட்டது. ‘உன்கூட மனுஷன் பேச முடியுமா?’ என்று எழுந்து போனால் அது கைவிடுவதாகவே படும். பின்னாலேயே வந்து கதவைத் தட்டுவார்கள். அந்த அரை மணியில் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகளை ஒத்திகை பார்க்கக் கூடாது. 4 நொடி மூச்சை இழுத்து, 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சொன்ன நேரத்துக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். இரண்டு முறை தவறினால் மூன்றாம் முறை நம்ப மாட்டார்கள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதா என்று கேட்கிறார்கள். இல்லவே இல்லை. பொருளை உடைப்பது, கெட்ட வார்த்தையில் திட்டுவது போன்றவற்றுக்கு எல்லை வேண்டும். ஒரே சமயத்தில் ஓர் எல்லை. அதை எல்லோரும் அமைதியாக இருக்கும் நாளில் பேசி முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? கேட்டதை ஒன்பது முறை மறுத்துவிட்டு, பத்தாவது முறை கத்தல் தாங்காமல் கொடுத்துவிடுவார்கள். அல்லது அப்பா மறுத்ததைப் பாட்டி ரகசியமாகக் கொடுப்பார். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்யும். எல்லையை உறுதியாகப் பிடித்த முதல் சில நாட்களில் கத்தல் குறைவதற்கு முன் கூடும். அதைக் கண்டு ‘இதெல்லாம் எடுபடாது’ என்று விட்டுக்கொடுத்தால், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகும். அடிக்க வந்தால் பேச்சை விட்டுவிட்டு அந்த இடத்திலிருந்து விலகிவிடுங்கள்.

அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திக் காப்பதும் உதவாது. ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களைப் பற்றி இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் நடத்தி 1972-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 9 மாதங்களுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கியது இப்படி: குறைகூறலும் பகையும் மிகையான தலையீடும் நிறைந்த வீடுகளில் 58 விழுக்காடு, அவை குறைந்த வீடுகளில் 16 விழுக்காடு. உணர்வு மிகுந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் எந்நேரமும் வேவு பார்ப்பதும், அவர் செய்ய வேண்டியதை நாமே செய்வதும் குறைகூறலோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதை அன்பு மிகுந்த பெற்றோர் கவனிக்க வேண்டும்.

பழகத் தொடங்குபவர்கள் பெரிய சண்டையில் தொடங்க வேண்டாம். ‘இன்னைக்கு வெயில் தாங்கல’ என்றால் ‘ஆமா, நடந்து வேற வந்தே, களைச்சிருப்பே’ என்பதில் தொடங்கலாம். நாளுக்கு ஒரு வாக்கியம் போதும். இரவில் அதை ஒரு நோட்டில் எழுதி, அடுத்து அவர் முகம் இளகியதா இறுகியதா என்றும் குறித்து வையுங்கள். தவறாகப் பேசிவிட்ட நாட்களில் ‘நேத்து நீ அழுதப்போ நான் சிரிச்சது தப்பு’ என்று குறிப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். ‘ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா’ என்று தொடங்கும் மன்னிப்பு புண்ணைக் கிளறும். ஃபேமிலி கனெக்ஷன்ஸ் என்ற குடும்பப் பயிற்சியை அலன் ஃப்ரூசெட்டியும் பெரி ஹாஃப்மனும் 12 வாரங்களுக்கு வடிவமைத்தார்கள். பயிற்சி பெற்ற குடும்பத்தாரே அதை நடத்துகிறார்கள். பங்கேற்றவர்களின் மனச்சுமையும் துயரமும் குறைந்ததாக 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு வாரத்தில் பலனில்லை என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு அந்த 12-ஐ நினைவூட்டுகிறோம்.

‘செத்துப் போயிடலாம்னு இருக்கு’ என்ற சொல் வந்தால் மட்டும் வேறு வழி. மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள், பதறிக் கத்தாதீர்கள். ‘தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் பூட்டுங்கள், தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மனநலக் கட்டுரை வரும் நாட்களில் அதன் கீழ் நான்கு வரியில் ஒரு பெட்டிச்செய்தி வெளியிடுங்கள்: வீட்டில் வழக்கமாகச் சொல்வது ஒரு பக்கம், அதற்குப் பதில் சொல்லக்கூடியது மறுபக்கம். கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைக்கும் அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
குடும்பத்தாருக்கான பயிற்சியாளர்கள்