மாணிக்கனாரை ஒரு கதையோடு நிறுத்திவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாட்டுக் கல்விப் பணிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரையும் கோட்டையூர் அழகப்பச் செட்டியாரையும் நிறைவாகவே எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வ.சுப. மாணிக்கனாருக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. அந்தப் பத்தி முழுவதும் ரங்கூன் கதை. அந்தக் குறையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்து, பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்த பையன். அந்தக் கால வழக்கப்படி பர்மாவுக்குக் கப்பலேறி, ரங்கூனில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது பணப்பெட்டி அருகே இருந்து எடுபிடி வேலை பார்ப்பவனாகச் சேர்கிறான். வரி அதிகாரி வந்தால் 'முதலாளி இல்லை' என்று சொல்லச் சொல்கிறார்கள். இருப்பவரை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று பையன் மறுக்கிறான். வேலை போகிறது, ஊர் திரும்புகிறான். 'பொய் சொல்லா மாணிக்கம்' என்ற பெயர் நிலைத்துவிடுகிறது. தமிழாசிரியராக இருந்த காலத்தில் நானும் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் அரை நூற்றாண்டு உழைத்தாரே, அதை யார் சொல்வது? பட்டிமன்ற மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் அவரைக் கப்பலில் இருந்து இறக்கி ஊரில் விட்டதோடு கதையை முடித்துவிடுகிறோம்.

ஊர் திரும்பியவருக்குப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ஆசிரியராகக் கிடைத்தார். பண்டிதமணியே திண்ணைப் பள்ளியில் சில மாதங்கள் மட்டும் படித்தவர். கால் முடங்கிக் கோல் ஊன்றி நடந்தவர். தாமாகவே தமிழும் வடமொழியும் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்தவர். 1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தொடங்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கொண்டுவிக்கப் போய், அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போய்ச் சம்பாதித்த பணத்தில் வீடும் கோயில் திருப்பணியும் செய்துகொண்டிருந்த ஊர்களின் நடுவே, தமிழுக்கென்று ஒரு சபை இருந்தது. அந்தச் சூழல் இல்லையென்றால் வேலை போன பையன் வேறொரு கடைக்குத்தான் போயிருப்பான் என்று நான் நினைக்கிறேன். மாணிக்கனார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் ஆனார்.

பிறகு காரைக்குடி. இந்தியா விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஊர்ப்புறங்களில் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் ஒரு கூட்டத்தில் கேட்டார். அங்கேயே ஒப்புக்கொண்டு, 1947 ஆகஸ்டிலேயே காந்தி மாளிகையில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டார் அழகப்பர். இதைத் தங்கள் கட்டுரை சரியாகச் சொல்கிறது. சொல்லாமல் விட்டது இன்னொன்று. கட்டடமும் நிலமும் பணமும் தந்தால் மட்டும் கல்லூரி வந்துவிடாது. உட்கார்ந்து பாடம் சொல்ல ஆள் வேண்டும். தொடக்க ஆண்டுகளிலேயே அந்தக் கல்லூரிக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்து, பின்னர் முதல்வராகவும் இருந்தவர் மாணிக்கனார். வள்ளல் அழகப்பரைப் பாடிக் 'கொடைவிளக்கு' என்று ஒரு நூலும் எழுதினார். கொடுத்தவரை நாம் மறக்கவில்லை, சிலையும் வைத்திருக்கிறோம். அந்தக் கொடை வீணாகாமல் பார்த்துக்கொண்டவரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டாமா?

அவருடைய நூல்களுக்கு வருகிறேன். முனைவர் பட்டத்துக்கு அகத்திணை, அதாவது சங்கப் பாடல்களின் காதல் மரபு பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதினார். அந்தப் பொருளைத் தமிழில் 'தமிழ்க்காதல்' என்று நமக்குத் தந்தார். சங்கப் பாடல்களில் பெரும்பகுதி அகப்பாடல்கள்தான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவை ஏன் பெயர் சுட்டாமல் பாடப்பட்டன, தோழி எதற்கு, அலர் என்னும் ஊர்ப்பேச்சு எதற்கு, களவு என்னும் மறைவான காதல் எப்படிக் கற்பு என்னும் மணவாழ்க்கை ஆகிறது என்று ஒவ்வொன்றையும் எடுத்து, இவை தனித்தனிச் செய்திகள் இல்லை, ஒரே கொள்கையின் உறுப்புகள் என்று காட்டுகிறார். ஒருதலைக் காதலான கைக்கிளையையும் பொருந்தாக் காதலான பெருந்திணையையும் ஏதோ தள்ளிவைக்க வேண்டியவை போலப் பேசும் வழக்கம் உண்டு. அவர் அப்படித் தள்ளவில்லை. அவையும் அகத்திணையே என்று பாட்டை வைத்தே வாதாடுகிறார். இந்த நூலைப் படித்த பிறகுதான் குறுந்தொகையை எப்படிப் பாடம் நடத்துவது என்று எனக்குப் பிடிபட்டது. அதுவரை உரையை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

'வள்ளுவம்' வேறு மாதிரி. சொற்பொழிவு நடையில், எதிரில் ஆள் இருப்பது போல எழுதியது. திருக்குறள் போற்றி வைக்கும் நூல் அன்று, நடந்து பார்க்கும் நூல் என்பதுதான் அதன் அடிநாதம். வாக்கியங்கள் சிறியவை. சொற்கள் சில நேரம் அவரே ஆக்கியவை. முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் கடினமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். கம்பரையும் சிலம்பையும் பற்றி எழுதியவை, நாடகங்கள், 'மாணிக்கக்குறள்' எல்லாம் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத் தொடங்கினால் கடிதம் நீண்டுவிடும்.

1979 முதல் 1982 வரை அவர் துணைவேந்தர். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அடுத்து மு. வரதராசனார். சில ஆண்டுகள் கழித்து மாணிக்கனார். தமிழ் படித்தவருக்கு நிர்வாகம் வராது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மூன்று பெயரையும் ஒரு முறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கட்டும். ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு 1981 சனவரியில் மதுரையில் நடந்ததும் மாணிக்கனார் துணைவேந்தராக இருந்த காலத்தில்தான்.

பதவி முடிந்த பிறகு அவர் செய்ததுதான் என் கண்ணில் பெரியது. பொதுவாகத் துணைவேந்தர்கள் ஓய்வு பெற்றால் குழுக்களிலும் விழாக்களிலும் காலம் போய்விடும். இவர் தமிழ்வழிக் கல்வி இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, அந்த வயதில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பிள்ளைக்கு முதல் வகுப்பிலிருந்தே தாய்மொழியில் பாடம் சொல்லுங்கள் என்பதுதான் பேச்சு. உயிர்மெய் எழுத்துகளின் வடிவத்தை மேலும் மாற்ற வேண்டும் என்று யோசனைகள் எழுந்தபோது அவற்றையும் கடுமையாக எதிர்த்தார். எழுத்து விஷயத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. எழுத்து காலத்தோடு மாறித்தான் வந்திருக்கிறது. ஆனால் தமிழ்வழிக் கல்வியில் அவர் சொன்னது ஒவ்வொன்றும் இன்றைக்கும் நிற்கிறது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இன்று எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஆங்கிலவழிப் பள்ளி வேன்கள்தான். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆத்திச்சூடியை எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறல். இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. அவரைப் போற்றிப் பேசுபவர்களே இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது அதைவிட வருத்தம்.

அவர் 1989-இல் மறைந்தார். 2017-இல் நூற்றாண்டும் வந்து போனது. இப்போது எங்கள் பக்கம் வருகிறவர்கள் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் ஆயிரம் சன்னல் வீட்டையும் பார்த்து, விருந்து சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, எங்கள் பிழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்கே மாணிக்கனாரின் ஒரு நூல்கூடக் கைக்கு எட்டும் விலையில், எட்டும் இடத்தில் இல்லை. நூலகத்தில் கேட்டால் அட்டை கிழிந்த பழைய பதிப்பு கிடைக்கிறது, அல்லது அதுவும் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. அவருடைய நூல்கள் 2006-இல் அரசுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நகரத்தார் வீடுகளில் மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குப் புத்தகம் கொடுக்கும் நல்ல வழக்கம் இன்றும் இருக்கிறது. பெரும்பாலும் தோத்திரத் திரட்டு, அல்லது குடும்பப் படங்கள் நிறைந்த மலர். அவற்றோடு 'வள்ளுவம்' நூலையும் மலிவுப் பதிப்பாக அச்சிட்டுக் கொடுங்கள் என்று மணிவிழா நடத்தும் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரி நடத்தும் அறக்கட்டளைகள் பரிசுப் புத்தகமாக 'தமிழ்க்காதல்' கொடுக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். 'வள்ளுவம்' நூலிலிருந்து மாதம் ஒரு பகுதியைத் தங்கள் இதழில் வெளியிடுங்கள். கடினமான சொற்களுக்குப் பொருள் எழுதித் தர இங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் சிலர் இருக்கிறோம், காசு எதுவும் வேண்டாம். தாங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் முதல் பகுதியை உடனே அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காரைக்குடி.