முன்பக்கத்தை இழுத்துவிடு, மச்சான்

அன்புள்ள மச்சான்,

அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. பாப்பா என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள்.

இப்போது அவசரமாக எழுத வைத்தவன் நெட்டையன். உன் ஆடி ஏ4 காருக்கு நீயே டைமிங் பெல்ட், அதான் எஞ்சின் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டுகிற பல் பெல்ட்டை, மாற்றப் போகிறாயாம். அதுவும் பம்பரில் கை வைக்காமல், மேலிருந்தே வேலையை முடித்துவிடுவேன் என்று சொன்னாயாம். உன் கை எனக்குத் தெரியாதா? கிரீஸ் டப்பாவுக்குள்ளேயே திண்டாடுகிற கை அது. ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் அதை விட்டு எந்த போல்ட்டைத் தொடப் போகிறாய்?

சரி, கேலி போதும். என் ஃபோக்ஸ்வேகன் பசாட்டுக்கு இதே வேலையைப் போன மாதம்தான் செய்தேன். உனக்கும் எனக்கும் ஒரே 2.8 லிட்டர் வி6 எஞ்சின், வண்டியின் அடித்தளமும் ஒன்றுதான். அதனால் நான் சொல்வது அப்படியே உனக்கும் பொருந்தும். பம்பரைக் கழற்றி, ரேடியேட்டர் மாட்டியிருக்கிற முன்பக்கத்தை முன்னால் இழுத்து வைத்துவிட்டுச் செய். கூடுதல் வேலை என்று நினைக்காதே. அந்த வேலைதான் மற்ற வேலை எல்லாவற்றையும் குறைக்கிறது.

நம் வண்டியில் எஞ்சின் நீளவாக்கில், முன் அச்சுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் அதன் பின்னால். அதனால் டைமிங் பெல்ட் இருக்கும் முகம் நேரே ரேடியேட்டரைப் பார்த்து நிற்கிறது. குறுக்குவாட்டில் எஞ்சின் வைத்த வண்டியென்றால் பெல்ட் சக்கரத்துப் பக்கம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, ஒரு மவுன்ட்டை இறக்கி, பக்கவாட்டில் போய்விடலாம். நமக்கு அந்த வழி கிடையாது. நம் வழி முன்பக்கம்தான். தயாரித்தவர்களே அதை யோசித்துத்தான் ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஹெட்லைட், பானெட் பூட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து பார், 'சர்வீஸ் பொசிஷன்' என்றே தனியாகப் போட்டிருப்பார்கள். இப்படிச் சட்டம் வைத்த வண்டிகளில், தொழிற்சாலையில் வண்டியைக் கோக்கும்போது அது கடைசிக் கட்டத்தில் மொத்தமாக வந்து போல்ட்டில் ஏறுகிற பாகம். ஏற்றியதை இறக்குவதில் என்ன தயக்கம்?

பம்பர்தான் பொறுமையைச் சோதிக்கும். ஃபெண்டரும் பம்பரும் சேருகிற மூலையில், சக்கரத்துக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் லைனருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை எடுக்காமல் இழுத்தால் பிளாஸ்டிக் காது உடையும். குளிர்ந்த பிளாஸ்டிக் இன்னும் சீக்கிரம் உடையும், அதனால் வண்டி கொஞ்சம் வெயிலில் நின்ற பிறகு தொடு. ஃபெண்டர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு, பெயின்ட் பிழைக்கும். என் வண்டியில் பாதி கிளிப் ஏற்கெனவே இல்லை. முன்பு வேலை பார்த்த பட்டறையில் எவனோ பிய்த்து எறிந்துவிட்டு, கட்டுக்கம்பியால் முடிந்து அனுப்பியிருக்கிறான். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கூலி வாங்கிக்கொண்டு இப்படிச் செய்ய எப்படி மனசு வருகிறது? புதுக் கிளிப் ஒரு பை நிறைய வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பி. பழசை நம்பாதே.

பம்பரைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பாப்பா பிடித்தாள். ஃபாக் லைட் வயரையும் வெளி வெப்பநிலை சென்ஸாரையும் ஞாபகமாகக் கழற்றச் சொன்னதும் அவள்தான். ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் குத்தி, எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைத்தாள். நம் காலத்தில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் எந்த போல்ட் எங்கே என்று தேடியிருக்க மாட்டோம்.

அப்புறம் சட்டம். இரண்டு பக்கமும் பெரிய போல்ட் ஒவ்வொன்றைக் கழற்றி, அந்த இடத்தில் அதே மரை கொண்ட நீளமான ராடைத் திருகி ஏற்று. அதன்பிறகு மீதி போல்ட்டை எடு. ஃபெண்டர் மேலே இருக்கிற ஸ்க்ரூ, காற்று போகும் குழாய், பானெட் கேபிள் இவற்றை எல்லாம் விடுவித்துவிட்டு இரண்டு பேரும் ஒரே சீராக இழுத்தால், சட்டம் அந்த ராடுகளின் மேல் அப்படியே வழுக்கி முன்னால் வருகிறது. ஏறக்குறைய 10 செ.மீ.தான். ஆனால் அந்த 10 செ.மீ. திறந்ததும் உள்ளே வெளிச்சம் விழுந்தது பார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! பெல்ட் கவரின் கிளிப் ஒவ்வொன்றும் கண்ணுக்கு நேரே. வாட்டர் பம்ப் பக்கத்தில் காய்ந்த கூலன்ட் உப்புப் போலப் பூத்து நின்றது. அது ஒழுக ஆரம்பித்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அந்த வெள்ளைப் பூச்சு ஒன்றே போதும்.

நீ பம்ப்பையும் மாற்றுவாய் என்றுதான் நினைக்கிறேன். அதே பெல்ட்டில் ஓடுகிற பம்ப்பைப் பழசாக விட்டுவைத்துப் பெல்ட்டை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், ரோலர், கூலன்ட் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான். எப்படியும் கூலன்ட்டை இறக்கத்தான் போகிறாய், அதனால் ஹோஸ்களையும் கழற்றிவிட்டால் சட்டத்தை இன்னும் முன்னால் கொண்டுபோகலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் ஆயில் கூலர் குழாயும் அங்கே வரும், பார்த்துக்கொள். இறக்கிய கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவிடாதே. இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும்.

ஏசி குழாயில் மட்டும் கையே வைக்காதே. கண்டென்சரை ரேடியேட்டரிலிருந்து பிரித்து, குழாய் மடங்காமல் கயிற்றில் கட்டித் தொங்கவிடு, போதும். அதற்குள் இருக்கிற ஆர்134ஏ வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு. பீறிட்டு மேலே பட்டால் தோல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். ரேடியேட்டர் முதுகில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி வை. ஸ்பேனர் வழுக்கிப் போய்க் குத்துவது எப்போதும் அந்த மெல்லிய தகட்டில்தான்.

இன்னொன்று. பேட்டரி நெகட்டிவை எடுக்காமல் எதையும் தொடாதே. நம் ஷெட் பெரியவரின் கட்டைவிரல் ரேடியேட்டர் மின்விசிறியில் மாட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது, எஞ்சினும் நின்றுதான் இருந்தது. சூடு அதிகமானால் மின்விசிறி தானாகச் சுற்றும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவருக்கே அப்படி ஆனது. அந்த நாளுக்குப் பிறகு ஷெட்டில் கொஞ்ச நாள் யாரும் சத்தமாகப் பேசக்கூட இல்லை. உன் விஷயத்தில் அப்படி ஒரு செய்தியை நெட்டையன் வாயால் நான் கேட்கக் கூடாது. சில வண்டிகளில் ஏர்பேக் சென்ஸாரும் முன்பக்கத்திலேயே இருக்கும். பேட்டரியை எடுத்த பிறகு புத்தகத்தில் சொன்ன நேரம் வரை காத்திருந்துவிட்டு ஆரம்பி.

பெல்ட் வேலையை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 30 வால்வு எஞ்சின், பெல்ட் சில பல் தாண்டினாலே பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். பெல்ட் நேரடியாக ஓட்டுகிற கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கிற தண்டு) இரண்டையும் பட்டை போட்டுப் பூட்டிவிட்டுச் செய். கவரை மூடுவதற்கு முன், எஞ்சினைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றிக் குறி சேருகிறதா என்று பார். முன்பக்கம் திறந்திருந்தால் இதை நிமிர்ந்து நின்றே செய்யலாம். இடுக்கில் கண்ணாடி வைத்துக் குறியைத் தேடுகிறவன் பாதி ஊகத்தில்தான் மூடுவான்.

திரும்ப மாட்டும்போது இரண்டு விஷயம். கழற்றும் முன்பே ஒவ்வொரு வாஷரைச் சுற்றியும் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டுவிடு, சட்டம் பழைய இடத்திலேயே உட்காரும். கொஞ்சம் நகர்ந்தாலும் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், ராத்திரியில் சுவரில் ஒளியைப் பார்த்துச் சரிசெய். பானெட் பூட்டு அதைவிட முக்கியம். மூடுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரால் பூட்டை அழுத்தி, கேபிளை இழுத்தால் விடுகிறதா பார். கேபிளை மாட்ட மறந்து மூடிவிட்டால் திறக்க வழி தெரியாமல் முழிப்பாய். சரியாகப் பிடிக்காத பானெட்டோ வேகத்தில் எழும்பிக் கண்ணாடியில் வந்து அறையும்.

ராடு இரண்டும் கேம்ஷாஃப்ட் பட்டையும் என்னிடம் சும்மாதான் இருக்கின்றன. தனியாக வாங்காதே. எந்த வாரம் ஆரம்பிக்கிறாய் என்று எழுது, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் இப்போதே அட்டை சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். அதுவரை மேல் கவரைக்கூடத் திறக்காதே, மச்சான்.

அன்புடன்,
உன் மச்சான்