‘பெயில் அவுட்’: மனப்பாடம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் ‘பெயில் அவுட்’ என்ற வினைத்தொடருக்கு ‘ஜாமீனில் எடுத்தல், நெருக்கடியிலிருந்து காப்பாற்றுதல்’ என்று பொருள் தந்து, இத்தகைய தொடர்களில் நேர்ப்பொருளுக்கும் வழக்குப் பொருளுக்கும் தொடர்பு தேடாமல் மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது என்று எழுதியிருந்தீர்கள். கொடுத்த பொருளில் தவறில்லை. அறிவுரையில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இத்தொடரின் இன்னொரு நேர்ப்பொருளை, மீனவர் பகுதியான காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. அலை அடித்து ஃபைபர் படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், மேல்பகுதியை வெட்டி எடுத்த பிளாஸ்டிக் கேனால் அள்ளி அள்ளி வெளியே இறைப்பார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் ‘பெயில் அவுட்’ என்றே பெயர். இந்த ‘பெயில்’, வாளியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பாரிமுனை நீதிமன்ற வளாகத்தில் அன்றாடம் காதில் விழும் ‘பெயில்’, ஒப்படைத்தலைக் குறித்த வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.

2008 அக்டோபரில், தள்ளாடிய நிதி நிறுவனங்களைத் தாங்குவதற்காக 70,000 கோடி டாலர் வரை செலவிட அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டபோது, பத்திரிகைகள் அதை ‘பெயில் அவுட்’ என்றே எழுதின. படகுக் காட்சியும் அதற்குப் பொருந்தும், ஜாமீன் காட்சியும் பொருந்தும். ஆனாலும் ஜாமீனே நெருக்கமானது என்பது என் எண்ணம்; அங்கே வெளியே வருபவர் மாட்டிக்கொண்டவர், படகிலோ வெளியே போவது தண்ணீர்.

சிக்கல் விமானத்தில்தான் தொடங்குகிறது. பழுதான விமானத்திலிருந்து விமானி பாராசூட்டுடன் குதிப்பதும் ‘பெயில் அவுட்’தான். அதிலிருந்து, நிலைமை மோசமாகும் முன் கழன்றுகொள்வது என்ற பொருள் கிளைத்தது. பங்குதாரர் ஒருவர் தொழிலிலிருந்து ‘பெயில் அவுட்’ செய்தார் என்ற வாக்கியத்தை, தங்கள் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் படித்தால், நட்டத்துக்குப் பயந்து ஓடிய அந்தப் பங்குதாரரையே, தொழிலைக் காப்பாற்ற வந்தவர் என்று எண்ணிக்கொள்வார். யாரைக் காப்பாற்றினார் என்ற செயப்படுபொருள் வாக்கியத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தால், பெரும்பாலும் இந்தத் தடுமாற்றம் வந்திருக்காது.

இந்தத் தொல்லை இன்று முளைத்ததும் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, அயல்மொழியாளரை மிகவும் திணறடிப்பவை இவ்வகைத் தொடர்களே என்று எழுதி, ‘டேக் ஆஃப்’ என்பதற்கு ‘நகல் செய்தல்’ என்று பொருளும் தந்திருக்கிறார். ‘டேக் ஆஃப்’ என்றதும் இன்று நம் நினைவுக்கு வரும் விமானம் பறக்காத காலம் அது!

தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கண்டு மலைக்கவும் தேவையில்லை. ‘டீ போட்டுக்கொடு’ என்பதையும் ‘மேனேஜரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான்’ என்பதையும் எங்கள் தெருவில் எந்தக் குழந்தையும் குழப்பிக்கொள்வதில்லை. யாரும் பட்டியல் போட்டு அதைக் கற்பிக்கவும் இல்லை.

ஆகவே, இனி வரும் இதழ்களில் ஒவ்வொரு தொடருக்கும் முதலில் நேர்ப்பொருளில் ஒரு வாக்கியமும், பிறகு வழக்குப் பொருளில் முழு வாக்கியங்களும் அச்சிட வேண்டுகிறேன். ‘பெயில் ஹிம் அவுட்’ என்று பிரதிப்பெயர் நடுவில்தான் நிற்கும், ‘பெயில் அவுட் ஹிம்’ என்று எழுதக் கூடாது என்பதையும் அங்கேயே ஒரு வரியில் சேர்த்துவிட்டால், தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ராயபுரம், சென்னை – 13.