பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. அலுவலகக் கூட்டத்தில் பேசும் பெரிய பெரிய சொற்களெல்லாம் புரிகிறது, கூட்டம் முடிந்து எல்லோரும் சாதாரணமாகப் பேசும்போதுதான் தடுமாறுகிறேன் என்றாய். 'கெட்' என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லை எதற்கெல்லாமோ போடுகிறார்கள், இங்கே என்ன அர்த்தம் என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது என்றும் சொன்னாய். இதைப் போனில் அவசரமாகச் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ஆங்கிலத்தில் குறை இருப்பதாக நீ நினைக்கிறாய். அப்படி இல்லை அம்மா. நீ படித்தது புத்தக ஆங்கிலம். 'அப்டெய்ன்', 'ரிசீவ்', 'அரைவ்', 'அக்வயர்' போன்ற சொற்கள் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் அவர்கள் மொழிதான் கோலோச்சியது. அந்தச் செல்வாக்கில் உள்ளே வந்த சொற்கள் இன்றைக்கும் எழுத்திலும் அலுவலிலும் மிடுக்காக இருக்கின்றன. 'கெட்' வேறு வழியாக வந்த சொல். அதற்கும் முன்பே கடல் தாண்டி வந்து அங்கே குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'டேக்', 'தே', 'எக்', 'ஸ்கை', 'நைஃப்' எல்லாம் அதே வழியாக வந்தவைதான். எப்படிப்பட்ட சொற்கள் என்று பார்: வீட்டுக்குள்ளும் வயலிலும் புழங்கியவை. புத்தகத்துக்குப் போன சொல்லை நீ பள்ளியில் கற்றுக்கொண்டாய், வாயிலேயே தங்கிவிட்ட சொல்லை இப்போதுதான் பக்கத்தில் இருந்து கேட்கிறாய்.

ஆங்கிலேயர்களே இதில் திணறியிருக்கிறார்கள். 1755இல் வெளிவந்த தன் ஆங்கில அகராதிக்கு எழுதிய முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், தன் வேலையைப் பெரிதும் கூட்டிவிட்ட சில வினைச்சொற்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். 'கெட்', 'கிவ்', 'டூ', 'புட்', 'செட்', 'கோ', 'ரன்', 'மேக்', 'டேக்' என்று போகும் அந்தப் பட்டியல். மொழி உயிரோடு இருக்கும்வரை இந்தச் சொற்கள் மணிக்கு மணி உறவு மாறிக்கொண்டே இருக்கும், புயலில் ஆடும் தோப்பை அதன் தண்ணீர் நிழலைப் பார்த்து வரைய முடியாததுபோல் இவற்றையும் அகராதிக்குள் சரியாகப் பிடிக்க முடியாது என்கிறார். நிலைமை இன்னும் மாறவில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள். பிறகு திருத்தி எழுதியபோது 'ரன்' அதைத் தாண்டி 645க்குப் போய்விட்டது. இத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்து பேசுவதில்லை.

பிறகு எப்படிப் பேசுகிறார்கள்? நீ தமிழ் பேசுவது போலத்தான். 'அடி' என்ற சொல்லை எடுத்துக்கொள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, வாசனை அடிக்கிறது, சுவருக்கு வண்ணம் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள். இதில் எங்கேயும் யாரும் யாரையும் அடிக்கவில்லை. தமிழ் கற்க வரும் ஒருவருக்கு இது தலை சுற்றும். உனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. ஏனென்றால் நீ 'அடி'யை மட்டும் தனியாகக் கேட்பதே இல்லை, முன்னால் நிற்கும் சொல்லோடு சேர்த்துத்தான் கேட்கிறாய்.

தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் இதற்குப் 'பலபொருள் ஒருசொல்' என்று பெயரே கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட சொல்லின் பொருள் அதனோடு வரும் வினையாலும், இனமான சொற்களாலும், சூழலாகிய சார்பாலும் தெளியும் என்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. அங்கே பேசப்படுவது பெயர்ச்சொல் என்றாலும், 'கெட்' போன்ற வினைக்கும் இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே ஒரு வித்தியாசம், தமிழில் நீ முன்னால் பார்க்கிறாய், ஆங்கிலத்தில் பின்னால் பார்க்க வேண்டும்.

பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால் அது கையில் வந்து சேர்கிறது. கடிதம் வந்தால் கிடைப்பது, டிக்கெட் வந்தால் வாங்குவது, ஜலதோஷம் வந்தால் பிடிப்பது, நாற்காலி வந்தால் எடுத்து வருவது. இது உனக்குத் தெரிந்ததுதான். இடத்தின் பெயர் வந்தால் போய்ச் சேர்வது. 'கெட் டு தி ஸ்டேஷன்' என்று 'டு' போடுவார்கள், 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் முன்னால் போட மாட்டார்கள். பின்னால் ஒரு பண்புச்சொல் வந்தால் அப்படி ஆவது. 'ஐ வாஸ் டயர்ட்' என்றால் களைப்பாக இருந்தேன், 'ஐ காட் டயர்ட்' என்றால் களைத்துப்போனேன் ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்). முதலாவது இருந்த நிலை, இரண்டாவது அங்கே நடந்த மாற்றம். இந்த மாற்றம்தான் 'கெட்'டின் உயிர். இல்லாதது வந்து சேரும், இங்கே இருந்தது அங்கே போகும், ஒரு நிலை இன்னொன்றாகும். முதல் தடவை கேட்கும் பிரயோகமாக இருந்தாலும், இந்த இடத்தில் எது மாறுகிறது என்று உன்னையே கேட்டுப்பார், பெரும்பாலும் விடை வந்துவிடும்.

இனி, நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடங்களுக்கு வருகிறேன்.

'ஹி காட் ஃபயர்ட்', 'ஐ காட் ஸ்டக்', 'வி காட் பெய்ட்' என்றெல்லாம் கேட்டிருப்பாய். பள்ளியில் செயப்பாட்டு வினைக்கு 'வாஸ்', 'வேர்' மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பேச்சில் அந்த இடத்தைப் பல சமயம் 'காட்' எடுத்துக்கொள்கிறது. இதை எளிதாகப் பிடிக்க தமிழிலேயே வழி இருக்கிறது. 'அவன் திட்டப்பட்டான்' என்று நாம் யாரும் பேசுவதில்லை. 'திட்டு வாங்கினான்', 'அடி வாங்கினான்' என்றுதான் சொல்வோம். நம் 'வாங்கு' செய்யும் அதே வேலையைத்தான் அங்கே 'கெட்' செய்கிறது: நடந்தது ஒருவர் தலையில் வந்து விழுந்தது என்று காட்டுகிறது. அதனால்தான் வேலை போவது, மாட்டிக்கொள்வது, காயப்படுவது போன்றவற்றோடு அதிகமாக வருகிறது. நல்லதற்கும் வரும், கல்யாணம் ஆவதும் பதவி உயர்வு கிடைப்பதும் 'காட்'தான். ஆனால் பாலம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று அறிக்கை எழுதும்போது 'வாஸ் பில்ட்' என்றே எழுது.

அடுத்தது முடி வெட்டும் விஷயம். 'நேற்று முடி வெட்டினேன்' என்று தமிழில் சொன்னால், வெட்டியது வேறொருவர் என்று கேட்பவருக்குத் தெரியும். அதை அப்படியே 'ஐ கட் மை ஹேர்' என்று மாற்றினால், நீயே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதாக ஆகிவிடும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்று சொல்ல வேண்டும். கார் பழுது பார்ப்பதும், வீட்டுக்கு வண்ணம் அடிப்பதும், பல் பிடுங்குவதும் இப்படித்தான். செய்தவர் வேறு, செய்வித்தது நீ. தமிழ் இந்த வேறுபாட்டைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது, ஆங்கிலம் வாக்கியத்துக்குள்ளேயே வைக்கிறது. பல வருடம் அங்கேயே இருப்பவர்கள்கூட இதில் தவறுவதைக் கேட்டிருக்கிறேன். நீ இப்போதே பழகிவிடு.

ஆள் நடுவில் வந்து, பிறகு 'டு' வந்தால், அது பேசிச் சம்மதிக்க வைப்பது. 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் அவரைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன். 'மேட் ஹிம் சைன்' என்றால் கட்டாயப்படுத்திய தொனி வந்துவிடும், அங்கே 'டு' கிடையாது. 'கெட்'டில் 'டு' இல்லாமல் முடியாது.

இப்போது நீ கூட்டங்களில் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று. 'ஐ கெட் டு கோ' என்றால் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது, சந்தோஷமான விஷயம். 'ஐவ் காட் டு கோ' என்றால் போயே ஆக வேண்டும், வேறு வழியில்லை. எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் இடையே ஒரு சின்ன வித்தியாசம்தான், அர்த்தத்தில் ஒன்று பாக்கியம், இன்னொன்று கட்டாயம். வேகமான பேச்சில் அந்த 'வ்' விழுந்துபோய் 'ஐ காட் டு கோ' என்று மட்டும் கேட்கும். அது போக வாய்ப்புக் கிடைத்தது என்ற இறந்தகாலமா, இப்போது போக வேண்டும் என்பதா? 'லாஸ்ட் இயர்' போல ஒரு காலச்சொல் பக்கத்தில் இருந்தால் முதலாவது. பேசுபவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் இரண்டாவது. தொல்காப்பியம் சொல்லும் சார்பு இதுதான், சொல்லுக்கு வெளியே இருப்பதையும் சேர்த்துப் பார்ப்பது. போன் மணி அடிக்கும்போது ஒருவர் 'ஐ'ல் கெட் இட்' என்றால் நான் எடுக்கிறேன் என்கிறார். நீ விளக்கிச் சொன்ன பிறகு அதே மனிதர் 'ஐ கெட் இட்' என்றால் புரிந்துவிட்டது என்கிறார்.

'அப்', 'ஓவர்', 'பை', 'த்ரூ' போன்ற ஒட்டுகளோடு வருபவை ஏராளம். அவற்றைக் கேட்கக் கேட்கத்தான் பழக முடியும், அதனால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 'கெட் ஓவர்' நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. 'கெட் பை' இருப்பதை வைத்து எப்படியோ ஒப்பேற்றுவது. 'கெட் அவே வித்' தப்பு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்புவது. 'வாட் ஆர் யூ கெட்டிங் அட்?' என்று கேட்டால், சுற்றி வளைக்காமல் சொல்ல வந்ததைச் சொல் என்கிறார்கள். காருக்கு 'இன்', 'அவுட்', பஸ், ரயில், விமானத்துக்கு 'ஆன்', 'ஆஃப்'. 'ஐ'ல் கெட் பேக் டு யூ' என்றால் திரும்பி வருகிறேன் என்று நினைத்து நின்றுவிடாதே, விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்பதுதான் அது. நாள் குறிப்பிடாமல் சொன்னால், எப்போது எதிர்பார்க்கலாம் என்று தயங்காமல் கேட்டுவிடு. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நீ பிடிக்க முடியாமல் போவதற்கு ஒலியும் ஒரு காரணம். 'கெட்' அநேகமாக எப்போதும் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வாயிலிருந்து வரும். அமெரிக்கர்கள் பேசும்போது நடுவில் உள்ள 'ட்' மெலிந்து 'கெடிட்', 'கெடப்', 'கெடவுட்' என்று ஒரே சொல்லாகக் கேட்கும். 'காட் டு' சுருங்கி 'காடா' ஆகிவிடும். தெரிந்த சொல்லையே தெரியாத சொல் என்று காது நினைத்துவிடுகிறது. வாய்விட்டு நீயும் அப்படியே சேர்த்துச் சொல்லிப் பழகு. வாய் செய்து பார்த்ததைக் காது சீக்கிரம் அடையாளம் காணும்.

அமெரிக்கர்களிடம் 'கெட்'டுக்குக் 'காட்டன்' என்று ஒரு வடிவமும் கேட்பாய். அது தவறில்லை. இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்த பழைய வடிவத்தை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதை வைத்து ஒரு நுட்பமும் செய்கிறார்கள்: 'ஐவ் காட்' என்றால் என்னிடம் இருக்கிறது, 'ஐவ் காட்டன்' என்றால் எனக்குக் கிடைத்தது.

எழுதும்போது மட்டும் கொஞ்சம் யோசி. சக ஊழியருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் 'கெட்' தாராளமாக வரலாம், அது உன் எழுத்தை இறுக்கம் இல்லாமல் வைக்கும். ஒப்பந்தத்திலும் அறிக்கையிலும் நீ படித்த அந்தப் பெரிய சொற்களையே போடு, அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்.

இனிமேல் புரியாத வாக்கியம் எதையாவது கேட்டால் உடனே குறித்து எனக்கு அனுப்பு. 'கெட்'டை மட்டும் தனியாக எழுதி அனுப்பாதே. பின்னால் என்ன வந்தது, யார் யாரிடம் சொன்னார், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுது. அப்புறம், 'டேக்' பற்றியும் கேட்டிருந்தாய். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா