நூலகப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது?

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். நலம், இல்லத்தார் அனைவரின் நலமறிய ஆவல். தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற்றுப் புதிய பள்ளியில் சேர்ந்த செய்தியை உங்கள் கடிதத்தில் கண்டு மகிழ்ந்தேன். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை. நூலகராக இத்தனை ஆண்டுகள் ஏணியில் ஏறி இறங்கியதற்குக் கிடைத்த இன்னோர் ஓய்வூதியம் என்று அதை வீட்டில் கேலி செய்கிறார்கள்.

ஸ்மார்ட் போர்டும் உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் வந்துவிட்ட பள்ளியில், பழைய புத்தகங்கள் அடைத்த பீரோக்களுக்காக ஓர் அறையை ஒதுக்கிவைக்கத்தான் வேண்டுமா, அதற்கென ஓர் ஆள்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அறையைப் பொறுத்தவரை உங்களுக்கு விருப்பத் தேர்வே இல்லை. எட்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்காக 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் ஆகியவற்றைத் தரும் நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த வரியில் நூலகர் என்று யாரும் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ்ப் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூல் வாங்க மானியம் உண்டு. வாங்கிய நூலைக் குழந்தையின் கையில் சேர்க்கும் வேலையோ, பெரும்பாலான அரசுப் பள்ளிகளில், ஏற்கெனவே பாடச்சுமையில் திணறும் ஏதோ ஓர் ஆசிரியரின் தலையில் கூடுதல் பொறுப்பாக விழுகிறது.

கூடுதல் பொறுப்பு ஏற்றவர் முதலில் என்ன செய்வார் என்பது உங்களுக்கே தெரியும். இருப்புப் பதிவேட்டையும் சாவியையும் கையெழுத்திட்டு வாங்குவார், பீரோவைப் பூட்டுவார், தணிக்கையின்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் தன் கைப்பணம் போய்விடும் என்ற அச்சத்தில் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை திறக்கமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. புத்தகம் தொலைந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, புத்தகம் வாசிக்கப்படாமல் செல்லரித்தால் கேட்க ஆளில்லை என்ற ஏற்பாட்டில் யாராக இருந்தாலும் அதையே செய்வார்கள்.

இந்த இடத்தில் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதியை நீங்கள் ஒருமுறை படிக்க வேண்டும். ஓராண்டில் இரவல் கொடுத்த அல்லது நூலகத்திலேயே எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வீதம் இழப்பு ஏற்படுவதை, அதற்கு நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரையில், நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அந்த விதி. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அது மத்திய அரசு அலுவலகங்களுக்கானது, உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதிலுள்ள கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. இழப்புக்கான சலுகை இருப்பைப் பொறுத்ததன்று, புழக்கத்தைப் பொறுத்தது. உங்கள் பள்ளியில் 400 பிள்ளைகள் இரு வாரத்துக்கு ஒரு புத்தகம் எடுத்தால், பள்ளி நடக்கும் நாற்பது வாரங்களில் 8,000 இரவல் ஆகிறது. 40 புத்தகம் போனாலும் அது இயல்பானதே. பூட்டிய பீரோவில் ஒன்று காணாமற்போனால்தான் விசாரிக்க வேண்டியிருக்கும்!

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட மெல்லிய புத்தகங்கள் உங்கள் பள்ளியில் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்திருக்கும் அவற்றை உடனே பிரித்து, குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கயிற்றில் தொங்கவிடச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமமாக இருக்கலாம். எல்லோரும் பார்க்க அவன் 'நுழை' புத்தகத்தை ஒருபோதும் எடுக்கமாட்டான், தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் படம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவான். என் பள்ளியில் அப்படி ஒருவன் இருந்தான். எடுத்த மறுநாளே திருப்பித் தந்துகொண்டிருந்ததை இரவல் பதிவேடு காட்டிக்கொடுத்தது. "உன் தங்கைக்கு இதை வாசித்துக் காட்டிவிட்டு, அவளுக்குப் பிடித்ததா என்று வந்து சொல்" என்று சிறு படக்கதை ஒன்றை அவனிடம் கொடுத்தேன். தங்கைக்காக என்றதும் கூச்சம் போய்விட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவன் தங்கை நிறைய வாசித்தாள் என்றுதான் பதிவேட்டில் இருக்கும். இந்த வேலையை எந்தத் திரையும் செய்துவிடாது; பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கவும் பையனின் முகத்தைப் பார்க்கவும் நேரமுள்ள ஒரு மனிதர் வேண்டும்.

இணையம் வந்தபின் நூலகர் எதற்கு என்ற கேள்விக்கு, முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை என்பதே என் பதில். எங்கள் காலத்தில் தகவல் கிடைப்பது அரிது, எனவே தேடித் தருவது எங்கள் வேலையாக இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பிராஜெக்ட் முழுவதும் நொடியில் வந்து விழுகிறது. அது சரியா என்று கேட்கும் பழக்கம்தான் வரவில்லை. நூலகர் தினம் ஆகஸ்ட் 12 அன்று கொண்டாடப்படுகிறது அல்லவா? இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாள் அது என்போம். ஆனால் அவர் 1892 ஆகஸ்ட் 9 அன்று பிறந்தார் என்றும் பல இடங்களில் காணலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த இரண்டு தேதிகளையும் கொடுத்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எழுதியவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று துருவச் சொல்லிப் பாருங்கள். சரியான விடையைவிட அந்தத் துருவலே முக்கியம். இதை நடத்த ஆய்வகக் கணினியும் வேண்டும், அலமாரியும் வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே அறையில் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அலமாரியை வெளியேற்றுவதில்தான் ஆட்சேபணை.

பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று தயங்குகிறீர்கள். தமிழாசிரியருக்கே கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ரங்கநாதனே கணித ஆசிரியர்தாம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற புதிதில், அந்த அறையின் வெறுமை தாங்காமல் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பியவர். லண்டனுக்குச் சென்று பயின்று, அங்கே நூலகங்கள் மக்களிடையே இயங்குவதைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறியது. திரும்பி வந்து வாசகர்களுக்கு அலமாரிகளைத் திறந்துவிட்டார். எனவே எந்தப் பாடமானாலும் சரி, பிள்ளைகள் தாமாகவே சென்று பேசும் ஆசிரியர் யாரென்று பார்த்து அவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது அவருடைய பாடவேளைகளில் வாரத்துக்கு ஆறையாவது குறைத்து, கால அட்டவணையில் நூலகம் என்று எழுதிவிடுங்கள். விடுப்பிலிருப்பவரின் வகுப்புக்கு அவரை அனுப்பாதீர்கள். நீங்கள் தலைமையாசிரியராக இருந்து இதைச் செய்ய முடியாவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எதற்கும் பொருளில்லை.

கிழிந்தவற்றையும் காலாவதியான போட்டித் தேர்வு வழிகாட்டிகளையும் கழிவு செய்ய வேண்டியிருக்கும். இருப்புப் பதிவேட்டின் நகலை இம்மாத இறுதிக்குள் அனுப்பிவையுங்கள்; எவற்றை நீக்கலாம் என்று குறித்துவைக்கிறேன். காலாண்டு விடுமுறையில் நேரில் வந்து, அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிடலாம். ஏணியில் மட்டும் என்னை ஏறச் சொல்லாதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்