வளையாத பைப்

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போனில் சொன்னால் நீ "சரி நைனா, சரி நைனா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வாட்ஸப்பில் நீ அனுப்பிய கார் போட்டோக்களைப் பார்த்தேன். உடம்பை அணைத்துப் பிடிக்கிற சிவப்பு பக்கெட் சீட், நான்கு முனை பெல்ட், பின்சீட்டுக்கு முன்னால் கறுப்புப் பெயின்ட் அடித்த பைப் கூண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். "சேஃப்டிக்குத்தான் நைனா, அஜித் துபாயில் அடிபடாமல் இறங்கினாரே" என்று கீழே எழுதியிருந்தாய். அங்கேதான் எனக்கும் உனக்கும் வழக்கு.

2025 ஜனவரியில் துபாய் பயிற்சி ஓட்டத்தில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை நானும் பார்த்தேன், அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவரைக் காப்பாற்றியது கூண்டு மட்டும் இல்லை தம்பி. தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டைத் தோளோடு பிடித்துவைக்கிற ஹான்ஸ், தொடைக்கு நடுவிலும் வார் வருகிற ஆறு முனை பெல்ட், உடம்பை அசையவிடாத சீட், அப்புறம்தான் கூண்டு. இந்தச் செட்டில் சீட்டையும் கூண்டையும் மட்டும் எடுத்து, அரைகுறைப் பெல்ட் ஒன்றோடு நீ வீட்டுக்காரில் மாட்டியிருக்கிறாய். ஹெல்மெட் போட்டுக்கொண்டா காந்திபுரத்துக்குக் காய்கறி வாங்கப் போகப்போகிறாய்? வெறுந்தலையில் பக்கவாட்டு மோதல் ஒன்று வந்தால் உன் தலை போய் அடிக்கிற இடம் அந்தப் பைப்தான். கம்பெனிக்காரன் அங்கே பிளாஸ்டிக்கும் பஞ்சும் வைத்த இடத்தில் நீ இரும்பு வைத்திருக்கிறாய். பாப்பா பின்சீட்டில் உட்கார்ந்தால் அவள் முகத்துக்கு நேரே இன்னொரு பைப்.

உனக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. எண்ணூரில் அசோக் லேலண்டில் நான் வெல்டிங் வேலையில் இருந்தபோது நடந்தது, நீ அப்போது கைக்குழந்தை. நண்பர் ஒருவர் பழைய மாருதி 800 வாங்கினார். மணலி ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டப் பயமாக இருக்கிறது, முன்னால் இடி தாங்குகிற மாதிரி ஏதாவது இரும்புக் கார்டு போட்டுக்கொடு என்றார். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு அங்குலப் பைப்பை வளைத்து, முன்சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன். வெல்டு அப்படி ஒரு வெல்டு. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்.

ஆறு மாதம் கழித்து, ராத்திரியில் ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டி நேராகப் போய் முட்டியது. நான் போய்ப் பார்த்தபோது கார்டில் ஒரு வளைவு இல்லை, என் வெல்டில் ஒரு கீறல் இல்லை. அவர் பெல்ட் போட்டிருந்தார். பெல்ட் போன தடத்திலேயே காறை எலும்பும் மூன்று விலாவும் போயிருந்தன. கார்டு இல்லாமல் இருந்திருந்தால் எலும்பு தப்பியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் முன்பக்கத் தகடு நசுங்கி வாங்கியிருக்க வேண்டிய அடி நேராக அவருக்குப் போக வழி போட்டுக்கொடுத்தது நான்தான். இன்றைக்கும் அவரைத் தேரடியில் பார்த்தால் முதலில் என் கண் அவர் தோளுக்குத்தான் போகும்.

கணக்கு நீயே போட்டுப் பார், இன்ஜினியர்தானே. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற உடம்பு 60 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் அதன் எடையைப் போல் சுமார் 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அதே உடம்பு 20 சென்டிமீட்டரில் நின்றால் கிட்டத்தட்ட 50 மடங்கு. முன்பக்கம் நசுங்குவது, பெல்ட் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, ஏர்பேக் விரிவது எல்லாம் அந்தச் சில சென்டிமீட்டரைச் சம்பாதிக்கத்தான். பந்தயக் காரில் ஏர்பேக் கிடையாது, அதற்குப் பதில் வேறு வழிகள். நீ இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நடுவில் நிற்கிறாய்.

பெல்ட்டுக்கு வருகிறேன். 1959-ல் வோல்வோவில் நில்ஸ் போலின் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட்டை நீ சாதாரணச் சாமான் என்று நினைத்துக் கழற்றிவிட்டாய். வண்டி குப்புறக் கவிழ்ந்து கூரை உள்ளே இறங்கும்போது அந்தப் பெல்ட் உடம்பைச் சற்றுச் சாயவிடும். நான்கு முனை பெல்ட் உன்னை நிமிர்த்தியே வைத்திருக்கும், இறங்குகிற கூரையைக் கழுத்து தாங்க வேண்டியதுதான். கூண்டு அதற்குத்தானே என்பாய். கூண்டு எப்படி நிற்கிறது என்று கீழே சொல்கிறேன். தொடைக்கு நடுவில் வருகிற வார் இல்லாததால் நேர்மோதலில் இடுப்பு வழுக்கி முன்னால் போகும், இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். உன் போட்டோவில் தோள் வார்கள் பின்சீட்டுக்குக் கீழே தரையில் கட்டியிருக்கின்றன. மோதும்போது அவை உன்னைப் பின்னால் இழுப்பதோடு கீழேயும் அழுத்தும். முதுகெலும்பு என்ன ஆகும்? தோள் வார் கிட்டத்தட்ட மட்டமாகப் பின்னால் போக வேண்டும்.

கழுத்துக்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். டேல் எர்ன்ஹார்ட், அமெரிக்காவில் பெரிய பந்தயக்காரர். 2001-ல் டேடோனாவில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். மண்டையின் அடிப்பகுதி உடைந்திருந்தது. அவர் ஹான்ஸ் போட்டிருக்கவில்லை. 2003-ல் ஃபார்முலா ஒன்னில் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அவருக்கே அந்தக் கதி.

இப்போது என் தொழில் விஷயம். கூண்டின் கால்களைத் தரையில் வெறும் போல்ட் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். கார் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி உருண்டால் அந்தக் கால் தகரத்தைக் குத்திக்கொண்டு கீழே போகும், கூண்டு உன்மேல் இறங்கும். பந்தய விதியில் ஒவ்வொரு காலுக்கும் 3 மில்லிமீட்டர் கனத்தில் 120 சதுர சென்டிமீட்டர் தகடு வைக்கச் சொல்கிறார்கள். ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்கிற முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் குறுக்களவு, 2.5 மில்லிமீட்டர் கனம், தையல் இல்லாத பைப், அதாவது நீளவாக்கில் ஒட்டுப்போடாத பைப். உன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உள்பக்கம் தையல் கோடு தெரிகிறது. அது கேட்டும் கிரில்லும் செய்கிற பைப் தம்பி.

ஸ்டீயரிங் மாற்றினால் அதிலிருந்த ஏர்பேக் போயிற்று, சீட்டை மாற்றினால் அதன் பக்க ஏர்பேக்கும் போயிற்று. எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க, ஏர்பேக் இருப்பதாக வண்டியை ஏமாற்றுகிற ரெசிஸ்டர் வைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைத்த மாதிரிதான் அது. பந்தய பிரேக் பேடு போடச் சொன்னாலும் கேட்காதே, அது சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற வண்டியில் எப்போது சூடேறும்? சட்டப்படியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம், ஆறு மாதம் உள்ளேயும் வைக்கலாம். அது உனக்கே தெரியும், நீட்ட மாட்டேன்.

எனக்குப் பந்தயம் பிடிக்காது என்று நினைக்காதே. வாலிபத்தில் சைக்கிள் மிதித்து சோழவரம் போய், பழைய விமான ஓடுதளத்தில் பியட்டும் ஹெரால்டும் சீறிப் போவதைத் தூசியில் நின்று பார்த்தவன் நான். உனக்கு அந்த ஆசை வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். உன் கோவையிலேயே செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிறது. பதிவெண் தேவைப்படாத பழைய வண்டி ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு, முழுச் செட்டும் போட்டு அங்கே ஓட்டு. கூண்டை நானே வந்து பற்றவைக்கிறேன். கை இன்னும் நடுங்கவில்லை, கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டும். பைப் வாங்கும்போது, அதைச் செய்த ஆலை தருகிற மில் சான்றிதழையும் கேட்டு வாங்கு. தலை படுகிற இடத்துக்கெல்லாம் பந்தயத்துக்கென்று வருகிற கெட்டி நுரை வேண்டும், குளிர்சாதனப் பைப்புக்குச் சுற்றுகிற மெத்து நுரை உதவாது.

வீட்டு வண்டியில் கம்பெனி சீட்டும் பெல்ட்டும் இந்த வாரமே திரும்ப ஏற வேண்டும். அதே பெல்ட்டைப் பூட்டு, வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழசை வாங்காதே. மிச்சப் பணத்தில் நல்ல டயர் நான்கும் பாப்பாவுக்குக் குழந்தைச் சீட்டும் வாங்கு.

மாசித் திருவிழாவுக்கு வருகிறீர்கள் அல்லவா? வண்டி அதற்குள் சரியாகவில்லை என்றால் சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடு, சென்ட்ரலுக்கு நான் வருகிறேன். பாப்பாவுக்கு அம்மா வஞ்சிரம் வாங்கி வைப்பாள், காரம் குறைவாக.

உன்
நைனா