வேலந்தாவளத்துக்கு இருபுறமும் உள்ள கால்நடைத் துறைகளுக்கு

மதிப்பிற்குரிய கேரள, தமிழ்நாடு கால்நடைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கேரளத்தில் குடியிருந்து தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள். மாடு, கோழி, நாய்க்குட்டி எல்லாம் இரு மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்து போய்க்கொண்டுதான் இருக்கும்.

போன மழைக்காலத்தில் கோயம்புத்தூர் பக்கமிருந்து ஒரு நாய்க்குட்டியைப் பழக்கூடையில் வைத்து பைக்கில் கொண்டுவந்தேன். பிறந்த 45-ஆம் நாள் தடுப்பூசி போட்டேன். "இனி ஒரு வருஷம் கவலையில்லை" என்றார் போட்டவர். 70-ஆம் நாள் வாந்தி, அப்புறம் ரத்த பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றியும் போய்விட்டது. சீட்டில் 'பார்வோ' என்று எழுதியிருந்தது, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் அது. சோதித்து எழுதியதல்ல, பார்த்து எழுதியது.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி ஊசி மருந்தையும் வேலை செய்யவிடாது. அதனால்தான் சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், குட்டிக்கு 16 வாரம் ஆகுமுன் கடைசி ஊசி முடிந்துவிடக்கூடாது. இதை நான் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சரி, அதுதான் காரணமா? குளிர்ச்சி போய் மருந்து கெட்டிருந்ததா? பார்வோவே இல்லாமல் நாய்க் கொரோனா, ரோட்டா மாதிரி வேறு குடல் வைரஸா? இல்லை, உருமாறிய பார்வோவா?

கடைசிக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. பார்வோ நாய்களிடம் உலகெங்கும் பரவியது 1978-இல். ஓரிரு ஆண்டுகளில் 2ஏ என்ற உருமாறிய வகை வந்து மூல வகையை ஓரங்கட்டியது. 1984-இல் 2பி, 2000-இல் இத்தாலியில் 2சி. மூன்றையும் பிரித்துக் காட்டுவது வைரஸின் மேலுறைப் புரதத்தில் 426-ஆம் இடத்திலிருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான். மூல வகை இன்று தெருவில் ஏறக்குறைய இல்லை, ஊசிக் குப்பிகள் பலவற்றில் மட்டும் இருக்கிறது. அந்த ஊசி புதிய வகைகளுக்கும் கேட்கிறது என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஊசி வீண் என்று யாரும் இதைப் படித்துவிட்டுச் சொல்ல வேண்டாம். ஆனால் எங்கள் மண்ணில் இப்போது எந்த வகை ஓடுகிறது என்று தெரிந்தால்தானே, ஊசி போட்டும் செத்த குட்டிக்குக் காரணம் சொல்ல முடியும்?

வெறிநாய்க்கடி முகாம் இரு பக்கமும் நடக்கிறது, நல்லது. ரத்த பேதியில் சாகும் குட்டிகளுக்கோ பஞ்சுக்குச்சியில் ஒரு மாதிரிகூட எடுப்பதில்லை. கேரளத்து மண்ணூத்தியிலும் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, தமிழ்நாட்டு உடுமலையிலும் இருக்கிறது. இரண்டும் எல்லையோர மிருகாஸ்பத்திரிகளின் மாதிரிகளில் வைரஸின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை செய்து, மரபணு வரிசையைப் பரிமாறிக்கொண்டால் போதும். வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கு அசையாது, ப்ளீச்சிங் தண்ணீர்தான் வேண்டும். அது எந்த மாநிலத்து மண் என்று பார்ப்பதில்லை.

என் குட்டியோடு பிறந்த இரண்டு இன்னும் அந்தப் பக்கம் இருக்கின்றன. அவற்றுக்குப் பேதி கண்டால் யாராவது பஞ்சுக்குச்சியோடு வாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைக்காரன் ஒருவன்